பிழையின் இருப்பிடம்

மதுரையிலிருந்து இராஜபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், திருமங்கலத்தைக் கடந்து தென்மேற்கே போனால் டி. கல்லுப்பட்டி வருகிறது. இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிறந்து, திருப்பரங்குன்றத்துத் தியாகராசர் பொறியியற் கல்லூரிக்கோ, கிருஷ்ணன்கோவிலிலுள்ள கலசலிங்கம் கல்வி நிலையத்துக்கோ, விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரிகளுக்கோ காலைப் பேருந்தேறிச் சென்று கணிப்பொறி பயிலும் இளைஞர்களுள், தம் குடும்பத்திலிருந்து இத்தொழிலுக்கு வரும் முதல் மனிதர் தாமேயாக இருப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. எழுதிய நிரல் நடுவழியில் நின்றுபோனால் வீட்டில் கேட்க ஆளில்லை. ஆய்வுக்கூடத்திலோ, கையைத் தூக்கி “சார், எரர் வருது” என்பதற்குமேல் சொல்லத் தெரிவதில்லை.

விண்டோஸில் ஓடும் செயலியாயினும் சரி, இணையத்தில் ஓடும் செயலியாயினும் சரி, தொடக்க மாணவனை மறித்து நிறுத்தும் தடைகளிற் பெரும்பாலானவை ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்துவிடக் கூடியவை. அந்த வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டறிவதற்குத்தான் நாட்கள் செல்கின்றன. ஆகையால் பரிகாரத்தைத் தேடுமுன் பிழையின் இருப்பிடத்தைத் தேட வேண்டும் என்னும் ஒரு கருத்தை, அன்றாடம் நேரும் சில உதாரணங்களைக் கொண்டு இங்கே விளக்க முற்படுகிறோம்.

சிவப்பு எழுத்துகளின் பொருள்

நிரல் நின்றதும் திரையில் தோன்றும் சிவப்பு எழுத்துகளை மாணவன் ஒரு தண்டனையாகக் கருதி, படியாமலே மூடிவிடுகிறான். நேர்ந்தது யாது, எந்தக் கோப்பில் நேர்ந்தது, எத்தனையாவது வரியில் நேர்ந்தது என்ற மூன்று விஷயங்களும் பெரும்பாலும் அந்தச் செய்தியிலேயே அடங்கியிருக்கின்றன. பிழைகள் வரிசையாக இருபது வந்து நின்றாலும், முதலாவதை மட்டும் திருத்திவிட்டு மீண்டும் இயக்கிப் பார்ப்பதே முறை. எங்கோ விடுபட்ட ஓர் அரைப்புள்ளியே எஞ்சிய பத்தொன்பதையும் ஈன்றிருக்கக் கூடும். கணிப்பொறி சுட்டிக் காட்டும் வரி, அது குழப்பமுற்ற வரியேயன்றிக் குற்றமுள்ள வரியாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. அரைப்புள்ளி பல சமயங்களில் அதற்கு முந்திய வரியின் கடைசியில்தான் விடுபட்டிருக்கும்.

சி-ஷார்ப், ஜாவா மொழிகளைப் பயில்வோர் அனைவரும் முதல் மாதத்திலேயே சந்திக்கும் ‘நல்’ பிழையும் இத்தகையதே. பொருள் எதையும் இன்னும் பெறாத ஒரு பெயரைப் பொருளுள்ளதாகப் பாவித்து ஏவும்போது இது பிறக்கிறது. ‘நல்’ எனப்படும் இந்த வெற்றுச் சுட்டியை 1965-ல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக வகுத்த டோனி ஹோர் என்னும் ஆங்கிலேய அறிஞரே, 2009-ல் நிகழ்த்திய ஓர் உரையில், அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்று வர்ணித்திருக்கிறார். இதிலும் திரை காட்டும் வரி, வெறுமை வெளிப்பட்ட இடமேயாகும். அந்தப் பெயருக்குப் பொருளைத் தந்திருக்க வேண்டிய இடம் அதற்கு முன்னே எங்கோ இருக்கிறது. அங்கிருந்து பின்னோக்கி நடந்து செல்பவனே காரணத்தை அடைகிறான்.

விண்டோஸ் செயலியில் பொத்தானை அழுத்தியவுடன் சாளரம் வெளிறி அசைவற்றுப் போவது மற்றொரு சங்கடம். சாளரத்தை வரைவதும், பயனரின் சொடுக்குகளை ஏற்பதும் ஒரே ‘திரெட்’டின் (செயலோட்ட இழையின்) பொறுப்பு. பெரியதொரு கணக்கையோ, தரவுத்தளத் தேடலையோ அதன் தலையிலேயே சுமத்திவிட்டால், அந்த வேலை முடியும்வரை வரைய ஆளில்லாது போகிறது. சுமையை வேறொரு திரெட்டுக்கு மாற்றிவிட்ட மாணவன் அடுத்த நொடியே புதிய பிழையொன்றைக் கண்டு திகைப்பான். ஏனெனில் திரையிலுள்ள பெட்டிகளையும் பொத்தான்களையும் அவற்றைப் படைத்த திரெட் அன்றி வேறொன்று தொடலாகாது. வேலை வெளியே நடக்க வேண்டும், விளைவு மட்டும் முதல் திரெட்டிடம் வந்து சேர வேண்டும் என்ற நியதியை உணர்ந்துவிட்டால், சி-ஷார்ப்பில் 2012 முதல் கிடைத்துவரும் ‘அசிங்க்’, ‘அவெய்ட்’ என்ற இரு சொற்கள் எதற்காக வந்தன என்பதும் தெளிவாகிவிடும்.

என் கணினியில் ஓடியதே!

வலைச் செயலி எழுதுவோரின் துயரங்களுட் பாதி, தம் மேசையில் ஓடியது சர்வரில் ஓடவில்லை என்பதிலிருந்து எழுகின்றது. இங்கே முதலிற் கவனிக்கத் தக்கது, சர்வர் பதிலோடு அனுப்பும் மூன்றிலக்க எண். 400-ல் தொடங்கும் வரிசை, கேட்டவன் கேட்ட முறையில் குறை என்று சொல்கிறது; 500-ல் தொடங்கும் வரிசை, பதில் சொல்ல வேண்டியவனிடத்தில் குறை என்று சொல்கிறது. 404 வந்திருக்கையில் தரவுத்தளத்தைக் குடைந்துகொண்டிருப்பதும், 500 வந்திருக்கையில் இணைய முகவரியைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்வதும் வீண் பிரயத்தனங்களே.

விண்டோஸ் தன் கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பேதம் பாராட்டுவதில்லை. இணையச் சேவைக்குப் பரவலாக வழங்கும் லினக்ஸோ கண்டிப்பாகப் பேதம் பாராட்டும். மடிக்கணினியில் அழகாகத் தெரிந்த படம் சர்வரில் மறைந்துபோவதற்கு அநேக சமயங்களில் ஒரே ஓர் எழுத்தின் உருவமே காரணமாக இருக்கிறது. நிரலைத் திருத்திய பிறகும் பழைய பக்கமே தோன்றுமாயின், பிரவுசர் தன்னிடம் சேமித்து வைத்த பழம்பிரதியைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்பாச்சி சர்வர் தொடங்க மறுக்குமாயின், 80-ஆம் எண் போர்ட்டை வேறொரு சேவை முன்னரே பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

தேதியைப் பற்றிய பிழை இவற்றினும் வஞ்சகமானது. 05/06 என்பது நமக்கு ஜூன் ஐந்தாம் நாள். அமெரிக்க வழக்கில் அமைந்த சர்வருக்கு மே ஆறாம் நாள். ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டாம் தேதிவரை செயலி சிறு முனகலுமின்றித் தவறான நாளைப் பதிந்துகொண்டிருந்துவிட்டு, பதின்மூன்றாம் தேதியன்று, பதின்மூன்றாவது மாதம் என ஒன்றில்லாமையால் நின்றுவிடும். அன்றைய தினம் நிரலில் யாரும் கை வைக்கவில்லையே என்று மாணவன் வியப்பான். பிழை பிறந்த நாள் வேறு, வெளிப்பட்ட நாள் வேறு. ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் தேதியை இயந்திரங்களுக்கிடையே அனுப்பி, திரையில் மட்டும் நம் வழக்கப்படி காட்டுவது இதற்கு நிவாரணம்.

தமிழ் கேள்விக்குறியாகும்போது

இவையெல்லாம் உலகத்து மாணவர் அனைவருக்கும் பொது. தமிழில் ஒரு விண்ணப்பப் படிவம் செய்ய நினைக்கும் நம் மாணவனுக்கோ தனியாக ஒரு பரீட்சை காத்திருக்கிறது: உள்ளிட்டது தமிழ், திரும்பி வருவது வேறேதோ. இங்கே நோயின் லட்சணத்தை நிதானமாகப் பார்த்தாலே இருப்பிடம் பாதி புலப்பட்டுவிடும்.

எழுத்துகளுக்குப் பதில் வெறுங்கட்டங்கள் தோன்றினால் தரவு நலமாக இருக்கிறது, எழுத்துரு மட்டும் இல்லை. ஐரோப்பிய எழுத்துகளும் வணிகப் பதிவுச் சின்னமும் மூன்று மூன்றாக மாறிமாறி வந்தால், தரவு அப்போதும் உயிரோடுதான் இருக்கிறது. வாசிப்பவன் முறை தவறி வாசிக்கிறான். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடங்கொள்ளும். ‘த’ என்பது 224, 174, 164 என்ற எண்களாகப் பதியப்படும். அந்த மூன்றையும் மேலை ஐரோப்பியக் குறியீட்டின்படி தனித்தனியே வாசித்தால் மேற்சொன்ன விசித்திரக் கோலம் தோன்றுகிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று அறிவித்தால் போதும், தமிழ் திரும்பிவிடும். ஆங்கில எழுத்துகளே தாறுமாறாக வந்தால், அது பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த வாசகம். அதை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

தரவுத்தளத்திலேயே வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றால், நிலைமை விபரீதம். சேமித்த கணத்திலேயே தமிழ் அழிந்துவிட்டது. எந்த மாற்றியைக் கொண்டும் அதை மீட்க இயலாது. விண்டோஸின் பழைய எட்டு-பிட் குறியீட்டுப் பட்டியல்களில் தாய்லாந்து மொழிக்கும் அரபிக்கும் இடமிருந்தது. தமிழுக்கு என்றுமே இருந்ததில்லை. தமிழ் அங்கே யூனிகோடின் மூலமாகவே நுழைந்தது. ஆகவே எஸ்கியூஎல் சர்வரில் ‘வார்கேர்’ என்று வகுத்த பத்தி பொதுவாகத் தமிழை ஏற்க வழியின்றி ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிடுகிறது. பத்தியை ‘என்வார்கேர்’ ஆக்குவதோடு, நிரலில் நேராக எழுதும் சொற்றொடருக்கு முன் ‘என்’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தையும் இட வேண்டும். இரண்டாவதை மறந்தவர்களே அதிகம். மைஎஸ்கியூஎல், 2018-ல் வெளிவந்த 8.0 பதிப்புக்கு முன்வரை, லத்தீன் குறியீட்டையே இயல்பாகக் கொண்டிருந்தது என்பதும் நினைவிருக்கட்டும். ஆனால் கறுப்புக் கட்டளைத் திரையில் மட்டும் கேள்விக்குறி தெரிந்தால் உடனே அஞ்ச வேண்டாம். அது காட்டுபவனின் குறையாகவும் இருக்கலாம்.

நீளத்தை அளப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘கல்லுப்பட்டி’ என்ற பெயரை நாம் எண்ணினால் ஏழு எழுத்து; யூனிகோடு எண்ணினால் பன்னிரண்டு குறி; யூடிஎஃப்-8 கணக்கில் முப்பத்தாறு பைட். பெயருக்கு முப்பது பைட் போதுமென்று வகுத்த பத்தியில் இவ்வூர் முழுதாக அடங்காது. ‘சோழவந்தான்’ என்பதன் முதலெழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. சேமிக்குமுன் யாவற்றையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிக்கொள்வதே இதற்கு உபாயம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 விசைப்பலகை முதல், யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-ல் ஏற்றதுவரை, அறிஞர் பலரின் உழைப்பால் குறியீட்டுக் குழப்பம் பெரிதும் நீங்கிவிட்டது. எஞ்சியதும் ஒருவகையில் நன்மையே. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவன், எழுத்து என்பது இயந்திரத்துக்குள் எவ்வாறு இருக்கிறது என்று அறியாமலே பல்லாண்டு காலம் தள்ளிவிடலாம். தமிழில் முதல் படிவம் செய்பவன் முதல் வாரத்திலேயே அதை அறிந்தாக வேண்டியிருக்கிறது.

தணிக்கையாளரின் வழி

டி. கல்லுப்பட்டியில் 1940-ல் தொடங்கப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர், காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று பம்பாயில் அத்தொழிலை நடத்திவந்த அவர், குஜராத்தின் மாதர் தாலுகாவின் வறுமையை ஆராயப் புகுந்தபோது, முன்னரே தீர்மானித்த மருந்தோடு செல்லவில்லை. கிராமம் கிராமமாக வரவையும் செலவையும் கணக்கெடுத்த பின்னரே முடிவு கூறினார். மொத்தம் பொருந்தாத கணக்கில், எந்தச் சீட்டுவரை பொருந்தி வந்தது, எந்தச் சீட்டிலிருந்து பிசகியது என்று நோக்குவது தணிக்கையாளரின் தர்மம். நிரலாளனுக்கும் வேறு தர்மமில்லை.

பிரவுசரில் எழுதியபோது தமிழாக இருந்ததா? சர்வருக்கு வந்தபோது? தரவுத்தளத்தில்? திரும்பும் வழியில்? ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்தால், நேற்றுவரை முழுச் செயலியின் மீதும் இருந்த சந்தேகம் இரண்டு வாசல்களுக்கு இடையே சுருங்கிவிடும். விஷுவல் ஸ்டூடியோவில் எஃப்9 இட்டு நிரலை நடுவில் நிறுத்தலாம். பிரவுசரில் எஃப்12 அழுத்திப் போக்குவரத்து அனைத்தையும் பிரத்தியட்சமாகக் காணலாம். ஆயிரம் வரிகளுள் எங்கோ உள்ள பிழையை, பாதி பாதியாக விலக்கிக்கொண்டே போனால் பத்துச் சோதனைகளில் பிடித்துவிடலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஐந்தை மாற்றிய பின் ஓடினாலும், ஓடியதற்குக் காரணம் எதுவெனத் தெரியாதவனுக்கு நாளை அது மீண்டும் நிற்கும்.

ஹார்வர்டின் மார்க் 2 கணிப்பொறி 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் பழுதுற்றபோது, நிரலாக்க முன்னோடி கிரேஸ் ஹாப்பரின் குழுவினர் அதன் ரிலேயில் சிக்கியிருந்த அந்துப்பூச்சியை எடுத்து, கண்ட நேரத்தோடு குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அவ்வேடு இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் கல்லூரிகளின் ரெக்கார்டு நோட்டிலோ நோக்கம், வழிமுறை, நிரல், விளைவு என்று எழுதி, நிரல் வெற்றிகரமாக இயங்கிற்று என்ற வாசகத்தோடு முடிப்பதே மரபு. இடறியதற்கு அதில் இடமில்லை. வந்த பிழைச்செய்தி யாது, எங்கே என்று மாணவன் சந்தேகித்தான், உண்மையில் எங்கே இருந்தது, எந்த வரி அதைத் தீர்த்தது என்ற நான்கையும் ஆசிரியர்கள் இடப்பக்கத்தில் எழுதச் செய்து, செய்முறைத் தேர்விலும் பழுதுள்ள நிரலொன்றைத் தந்து பழுதின் இடத்தைக் காட்டியவனுக்கு மதிப்பெண் வழங்குவார்களாயின், கல்லூரி விட்டு வேலைக்குச் செல்பவன் முதல் நாளே செய்ய வேண்டிவரும் காரியத்தைக் கற்றுக்கொண்டு வெளியேறுவான். அதற்குப் புதிய பாடத்திட்டம் ஏதும் வேண்டியதில்லை. அந்த நோட்டின் இடப்பக்கங்களில் இடம் உண்டு.