எதை எண்ணிக் காசு கேட்கிறார்கள்?

பொழுது விடியுமுன் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து, கிராஞ்சி ரயில் நிலையத்தில் வந்திறங்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். பெற்றோர் பால்மரம் சீவினார்கள். பிள்ளைகளில் சிலர் இன்று கிராஞ்சி வட்டாரக் கம்பெனிகளில் கணினி முன் அமர்ந்து சரக்குக் கணக்கும் சம்பளக் கணக்கும் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம், "இந்த மென்பொருளைச் சர்வரில் ஏற்றிவிடு" என்று முதலாளி சொல்லக்கூடும். திரையில் நீண்ட உடன்படிக்கை தோன்றும். 'சம்மதம்' என்று ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது போலிருக்கும். ஆனால் அந்தத் தட்டிலேயே ஒரு கடனும் தொடங்கலாம். எப்படி என்று இன்று பார்ப்போம்.

சர்வர் என்பது பல கணினிகளுக்கும் பொதுவாக வேலை செய்து கொடுக்கும் ஒரு கணினி. அதில் ஏற்றும் சம்பளக் கணக்கு மென்பொருளைச் சமையற் குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு எவ்வளவு நன்றாயிருந்தாலும் அடுப்பில்லாமல் சோறு வேகாது. மென்பொருளை ஓடவைக்கும் அந்த அடுப்புக்குத்தான் 'ரன்டைம்' என்று பெயர். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று ஜாவா. 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதை வெளியிட்டது. ஜாவாக் காப்பியை நினைத்து வைத்த பெயர் அது. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது.

கடையில் மண்வெட்டி வாங்கினால் அது நம்முடையது. மென்பொருள் அப்படியன்று, அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. அந்த அனுமதிச் சீட்டுதான் உரிமம். சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2021ஆம் ஆண்டுச் சட்டமும் மென்பொருளுக்குப் பாதுகாப்பு அளித்துள்ளன. "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

உரிமத்தின் விலை எதைப் பொறுத்தது? தோட்டத்தில் நாள் கூலி உண்டு. பாலின் எடைக்குக் கூலியும் உண்டு. வேலை ஒன்றே, எண்ணும் முறை மாறினால் கைக்கு வரும் காசும் மாறும். மென்பொருளிலும் அவ்வாறே. ஆரக்கிள் 2018இல் அறிவித்த ஜாவாச் சந்தாவில், சர்வரின் ஒரு செயலிக்கு மாதம் 25 அமெரிக்க டாலர். மேசைக் கணினியில் பயன்படுத்துபவர் ஒருவருக்கு மாதம் இரண்டரை டாலர். 2023 ஜனவரியில் எண்ணும் முறையே மாறியது. நிறுவனத்தின் ஊழியர் ஒவ்வொருவருக்கும் கட்டணம். 999 பேர் வரை உள்ள நிறுவனத்துக்குத் தலைக்கு மாதம் 15 டாலர் என்பது அப்போதைய பட்டியல் விலை. பகுதிநேர ஊழியரும், தற்காலிக ஊழியரும், நிறுவனத்தின் உள்வேலைக்கு வரும் ஒப்பந்தக்காரரின் ஆட்களும் அந்த எண்ணிக்கையில் சேர்வார்கள். கணினியைத் தொடுகிறாரா என்ற கேள்வியே அங்கு இல்லை.

நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு செடிப் பண்ணையை எண்ணிக்கொள்வோம். மண் சுமப்பவரும் நீர் ஊற்றுபவருமே அதிகம். கணினியில் அமர்பவர் இருவர்தான். பழைய முறையில், சர்வரில் கணக்குக்கு இரண்டு செயலிகள் என்றால் ஆண்டுக்கு 600 டாலர்; அந்த இருவருக்கும் சேர்த்து 60; ஆக 660 டாலர். புதிய முறையில் நாற்பது பேரைப் பதினைந்தால் பெருக்கி, பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிட்டால் 7,200 டாலர். வேலை அதே வேலை. அடுப்பும் அதே அடுப்பு!

அப்படியானால் சிறிய நிறுவனத்துக்கு வழியில்லையா? உண்டு. சன் நிறுவனம் 2006 நவம்பரில் ஜாவாவின் மூலநிரலைத் திறந்துவிட முடிவு செய்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓப்பன் ஜேடிகே. அதன் உரிமம் ஜிபிஎல் எனப்படுவது: யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம், ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதன் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். அதன்மேல் ஓடும் நம் சொந்தக் கணக்கு மென்பொருளைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. அதற்கென்று தனி விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. டெமுரின், அமேசானின் கொரெட்டோ ஆகியவை இந்த வழியில் வந்த இலவச ஜாவாக்கள். பழுது வந்தால் கூப்பிட ஆள் வேண்டுமென்றால் அந்த உதவிக்குத் தனியே காசு கொடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இலவசத்துக்கும் தவணை உண்டு. ஆரக்கிள் 2021 செப்டம்பரில் ஜாவா 17ஐ நிறுவனங்களும் இலவசமாகப் பயன்படுத்த விட்டது. 2024 செப்டம்பருக்குப் பின் அந்தப் பதிப்புக்கு வந்த புதிய திருத்தங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. வழக்கம்போல் திருத்தங்களை ஏற்றிக்கொண்டே போனவர் தம்மை அறியாமலே கட்டணப் பக்கம் போயிருக்கலாம்.

ஆகவே பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுப்போம். எதை எண்ணுகிறார்கள்: செயலியையா, ஆளையா? இலவசம் என்றால் எதுவரை? திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை உண்டா? விடைகளை ஒரு தாளில் எழுதி, எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் ஏற்றியது என்பதையும் குறித்து, முதலாளியிடம் காட்டிய பிறகே 'சம்மதம்' தட்டட்டும்.

பால் நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளைப் பார்க்காமல் நம் பெரியவர்கள் நகர்ந்ததில்லை. அந்தக் கண் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்.