80 சதவிகிதத் தள்ளுபடியா, தெருமுனைக் கடையா? மாத பட்ஜெட்டுக்கு எது நல்லது?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சிவகாசி சாலைகளில் வேன்கள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். சாத்தூர் பக்கமிருந்து வந்தாலும் விருதுநகர் பக்கமிருந்து வந்தாலும் வழியெங்கும் பட்டாசுக் கடைகள்தான். போர்டுகளில் பெரிய எழுத்தில் 50 சதவிகிதம், 70 சதவிகிதம், 80 சதவிகிதம் என்று தள்ளுபடி. மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் குடும்பத்தோடு வருபவர்கள், பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு, 'பாதிக்குப் பாதி மிச்சம்' என்ற திருப்தியுடன் ஊர் திரும்புகிறார்கள்.

பட்டாசில் பார்த்த இந்தச் சதவிகிதக் கணக்கு இப்போது மளிகை, பாத்திரம், துணிமணி என்று எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. ஒரே கூரையின் கீழ் எல்லாம் கிடைக்கும் பிரமாண்ட தள்ளுபடிக் கடைகள் சிறிய ஊர்களையும் எட்டிப்பார்க்கின்றன. 'அங்கேயே மொத்தமாக வாங்கிவிடலாம்' என்கிறார் ஒருவர். 'நம்ம தெருக் கடை அண்ணாச்சி என்ன ஆவார்?' என்கிறார் இன்னொருவர். பல வீடுகளில் நடக்கும் இந்த விவாதத்துக்கு விடை தேட விருதுநகர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தள்ளுபடியின் சூட்சுமமும் கடை வியாபாரத்தின் அருமையும் இரண்டுமே தெரிந்த மண் இது.

80 சதவிகிதம் எங்கிருந்து வருகிறது?

பட்டாசுப் பெட்டியில் அச்சிட்ட விலை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 80 சதவிகிதத் தள்ளுபடி போக, நாம் கொடுப்பது 200 ரூபாய். ஆலை முதலாளி, மொத்த வியாபாரி, கடைக்காரர் என எல்லோரும் அந்த 200 ரூபாய்க்குள்தான் லாபம் பார்க்கிறார்கள். நஷ்டத்துக்கு விற்பதற்காக யாரும் கடை போடுவதில்லை. அப்படியானால் அந்தப் பெட்டியின் உண்மையான விலையே 200 ரூபாய்தான். 1,000 என்பது தள்ளுபடி காட்டுவதற்காகப் போட்ட எண்.

அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்கிறது சட்டம். அந்த விலையை எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்பதற்குப் பெரும்பாலான பொருள்களில் கட்டுப்பாடு இல்லை. பக்கத்துக் கடையில் அதே சரக்குக்கு 2,000 ரூபாய் என்று அச்சிட்டு 90 சதவிகிதம் தள்ளினாலும் அதே 200 ரூபாய்தான். ஆகவே, 'தள்ளுபடி எவ்வளவு?' என்று கேட்பதில் பயனில்லை. 'கையில் எவ்வளவு தர வேண்டும்?' என்று கேளுங்கள்.

ஆன்லைனில் இதைவிட ஆபத்து. இணையத்தில் பட்டாசு விற்பதற்கு 2018 அக்டோபர் 23 அன்றே உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. இருந்தும் சீசன் வந்தால், சிவகாசியின் பெயரைச் சொல்லி, பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகும் போலித் தளங்கள் முளைக்கின்றன. ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணை அழைக்க வேண்டும்.

மளிகையில் மிச்சம் உண்மையா?

உண்மைதான், ஆனால் எல்லாப் பொருளிலும் இல்லை. பெரிய கடைகள் கம்பெனியிடம் நேரடியாக லாரி லாரியாகக் கொள்முதல் செய்கின்றன. சரக்கு சீக்கிரம் விற்றுத்தீர்வதால் குறைந்த லாபம் வைத்தாலும் கட்டுப்படியாகிறது. சர்க்கரை, எண்ணெய், சோப்புத்தூள் போன்றவற்றில் நிஜமாகவே விலை குறைவாக இருக்கும்.

ஆனால், சர்க்கரை வாங்கப் போனவர்கள் சர்க்கரையோடு மட்டும் திரும்புவதில்லை. அடிக்கடி தேவைப்படும் பொருள் கடைசி வரிசையில் இருக்கும். அதை எடுக்கப் போகிற வழியில் பிளாஸ்டிக் டப்பா, பில் போடும் இடத்தில் குழந்தையின் கண்ணுக்கு நேராக சாக்லேட். வீட்டில் எழுதிய லிஸ்ட்டையும் பில்லையும் ஒப்பிட்டால், மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாகச் செலவானது தெரியும்.

பயணச் செலவையும் சேருங்கள். விருதுநகரிலிருந்து மதுரைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். காரில் போய்வர, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 7 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 700 ரூபாய். அதற்கு மேல் மிச்சமானால்தான் லாபம்.

பற்று நோட்டின் மதிப்பு

மறுபக்கத்தில் தெருக்கடை இருக்கிறது. பட்டாசுத் தொழிலுக்கு வெயில் வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வேலை குறையும், கூலியும் குறையும். விபத்து, ஆய்வு, கோர்ட் வழக்கு என எது வந்தாலும் ஆலைக் கதவு மூடப்படும். 2018 தீர்ப்புக்குப் பிறகு, பேரியம் பயன்படுத்தத் தடை வந்ததால் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. 2020 ஊரடங்கிலும் வேலை நின்றது.

அந்த மாதிரி நாள்களில் அரிசியும் பருப்பும் பற்று நோட்டில் எழுதித்தான் வீட்டுக்கு வரும். 'வேலை ஆரம்பிச்சதும் கொடுங்க' என்று எந்தத் தள்ளுபடிக் கடையின் கம்ப்யூட்டரும் சொல்லாது.

இந்தக் கடன் இலவசம் இல்லை என்பதும் நிஜம். சில கடைகளில் பற்றுக்கு விலை கூடுதல், எடையும் முன்னே பின்னே இருக்கும். இருந்தாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர்கள் கொடுக்கும் ரொக்கத்தை வைத்துத்தான் கடைக்காரர் கூலிக்காரர்களுக்குக் கடன் தருகிறார். ரொக்க வியாபாரம் முழுக்கப் பெரிய கடைக்குப் போய், கடன் மட்டும் தெருக்கடையில் தங்கினால், அந்தக் கடை ஒரு வருஷம் தாங்காது. அது மூடினால் நமக்கு ஒரு கடை குறையும். பக்கத்துத் தெருவில் சில வீடுகளில் உலை கொதிக்காது.

மகமையில் வந்த பள்ளிக்கூடம்

கடையில் கொடுத்த காசு ஊருக்குள்ளேயே சுற்றினால் என்ன ஆகும் என்பதற்கு விருதுநகரே சாட்சி. விருதுப்பட்டியாக இருந்த காலத்தில், நாடார் வியாபாரிகள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று ஒதுக்கினார்கள். வீடுகளில் பிடி அரிசி சேர்த்தார்கள். 1889-ல் அங்கே தொடங்கப்பட்ட சத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்த பள்ளிதான். காமராஜர் படித்த பள்ளியும் அதுதான்.

அது ஒரு சமுதாயம் தனக்காகக் கட்டிக்கொண்ட ஏற்பாடு. இன்றைக்கு எல்லாக் கடைக்காரர்களும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும், 'நான் கொடுக்கும் ரூபாய் அடுத்து எங்கே போகிறது?' என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

விற்பவர்களின் கால்கள்

பெரிய கடையின் குறைந்த விலையில் அங்கே வேலை பார்ப்பவர்களின் உழைப்பும் அடங்கியிருக்கிறது. விருதுநகர்க்காரரான இயக்குநர் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010), நாள் முழுக்க நின்றபடியே விற்கும் இளைஞர்களின் வாழ்க்கையைச் சொன்னது. 2021-ல்தான் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அடுத்த முறை போகும்போது, அங்கே இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேனேஜரிடம் கேளுங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முழுக்கத் தவிர்க்கவும் வேண்டாம், முழுக்கச் சாயவும் வேண்டாம். செலவைப் பிரித்துக்கொள்ளலாம்.

* கெட்டுப்போகாத சோப்பு, சோப்புத்தூள் போன்றவற்றை மாதம் ஒருமுறை, லிஸ்ட்டோடு போய்ப் பெரிய கடையில் வாங்கலாம்.

* காய்கறி, பருப்பு, எண்ணெய், அவசரத் தேவை எல்லாம் தெருக்கடையில், முடிந்தவரை ரொக்கத்துக்கு.

* பாக்கெட்டில் ஒரு கிராம் அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று போட்டிருக்கும். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று நம்பிவிடாமல் அதைப் பாருங்கள்.

* தெருக்கடையில் பில்லும் சரியான எடையும் கேளுங்கள். கேட்டால்தான் அவர்களும் மாறுவார்கள். எந்தக் கடையில் ஏமாற்றினாலும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

* பட்டாசை லைசென்ஸ் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள். ரயிலில் கொண்டுபோனால் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஒரு மாதம் மட்டும் பெரிய கடை பில்லையும் தெருக்கடை பில்லையும் ஒரே டப்பாவில் போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, எதில் உண்மையாக மிச்சம், எது தேவையில்லாமல் வாங்கியது என்று குறியுங்கள். அடுத்த மாதம் எதை எங்கே வாங்குவது என்பதை அந்த பில்களே சொல்லிவிடும்.