கடல் பார்த்த மனை... கால் வைக்கலாமா?

உங்க வீட்டு வாசல்லயும் அந்த பிட் நோட்டீஸ் விழுந்திருக்கும் பாஸ். நீலக் கடல், ரெண்டு தென்னை மரம், 'அலை ஓசையில் கண் விழியுங்கள்'னு ஒரு வரி, கீழே சதுர அடி ரேட். ஆரணிக்குப் பக்கத்துல இருக்கிற எங்க களம்பூருக்கே வந்துடுச்சுன்னா பார்த்துக்குங்க! எங்க ஊர்ல தறிச் சத்தம் கேட்கும், ரைஸ் மில் சத்தம் கேட்கும். அலைச் சத்தம் கேட்கணும்னா பஸ் ஏறி அரை நாள் போகணும்.

ஆனா, அப்பாவுக்கு ஆசை வந்துடுச்சு. இருபது வருஷம் குழித்தறியில உட்கார்ந்து பட்டு நெய்து சேர்த்த காசு. யாரையும் கேட்காம பத்தாயிரம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துட்டார். அதுக்கப்புறம்தான், "பையன் சிவில் இன்ஜினீயரிங் படிக்கிறான், அவனும் வந்து பார்க்கட்டும்"னு என்னையும் சைட் விசிட் வேன்ல ஏத்தினார். வேன் ஃப்ரீ. மதியம் பிரியாணியும் ஃப்ரீ. (பிரியாணி சூப்பர். பொய் சொல்லக் கூடாது!)

இது 2025 பிப்ரவரியில. இடம், ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரிக்கு வடக்கே. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ஏரியா. ஒரே நாள்ல பாண்டியில 40 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டின புயல் அது. "அதனாலதான் சார் ரேட் இறங்கியிருக்கு. இப்பப் போட்டா ரெண்டு வருஷத்துல டபுள்!"னார் ஏஜென்ட். வேன்ல இருந்த எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி... "சுனாமி வந்தா?" அவர் பதிலை ரெடியா வெச்சிருந்தார். "இருபது வருஷம் ஆச்சே, வந்துச்சா?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்.

2004 டிசம்பர் 26 அன்னிக்கு நம்மள்ல பல பேர் பிறக்கவே இல்லை. தமிழ்நாட்டுல மட்டும் சுமார் 8,000 உயிர் போச்சுங்கிறது நமக்குப் பாடப் புத்தகக் கணக்கு. ஆனா, கண்ணால பார்த்தவங்களே சீக்கிரம் மறந்துடறாங்க. அமெரிக்காவுல வடக்கு கரோலினா மாநிலத்துல 1999-ல் ஃப்ளாய்ட் புயல் அடிச்சு பெரிய வெள்ளம். அங்கே பிட் கவுன்ட்டிங்கிற இடத்துல வீட்டு விலைகளை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. வெள்ளம் வர்ற பகுதியில இருக்கிற வீடுகளோட விலை புயலுக்கப்புறம் விழுந்திருக்கு. அஞ்சாறு வருஷத்துல அந்த வித்தியாசமே காணாம போயிடுச்சு! வீட்டு லோன் இருபது வருஷம், பயம் அஞ்சு வருஷம்.

சைட்டுல கொடி நட்டு, கல் நட்டு அழகா வெச்சிருந்தாங்க. நானும் அப்பாவும் மெதுவா நழுவி கரைப் பக்கம் நடந்தோம். படகு நிழல்ல ஒரு பெரியவர் வலை பின்னிட்டிருந்தார். நூல் வேலைன்னா எங்க அப்பா உடனே உட்கார்ந்துடுவார்.

"வீடு எங்கே பெரியவரே?"

"பழைய வீடா, புது வீடா தம்பி?"

"பழைய வீடு?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். அலை உடையிற இடத்துக்கும் அந்தப் பக்கம்.

"சுனாமியில போச்சா?"

"இல்ல தம்பி. சுனாமி வந்துச்சு, போச்சு. வீடு நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா..."

இதை நான் கிளாஸ்ல படிச்சிருக்கேன். பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா, அந்த நிமிஷம்தான் மண்டையில உறைச்சுது. நம்ம கிழக்குக் கடற்கரையில மணல் ஒரு இடத்துல நிக்காது. வருஷத்துல பெரும்பாலான மாசம் அலைகள் அதைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிட்டே இருக்கும். 1980-களோட கடைசியில பாண்டிச்சேரி துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ளே கல் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டினாங்க. தெற்கே மணல் தேங்கிடுச்சு. வடக்கே போக வேண்டிய மணல் போகலை. பாண்டி பீச் காணாம போனது இப்படித்தான். கரையைக் காப்பாத்தக் கல் கொட்டினா, அரிப்பு அடுத்த ஊருக்குத் தாவும். கோட்டக்குப்பம், சின்ன முதலியார் சாவடி, பொம்மையார்பாளையம்னு வரிசையா அடி வாங்கின கதை இது. பாண்டியில 2018 வாக்கில் தண்ணிக்கடியில செயற்கைத் திட்டு போட்டதுல கொஞ்சம் மணல் திரும்பியிருக்கு. ஆனா, அது பாண்டிக்கு. எங்க மனைக்கு இல்லை!

ஒரு ஓரக் கடுப்பு. சுனாமிக்கப்புறம், 2005-ல் தமிழக அரசு ஒரு ஆணை போட்டது. கடல்லேர்ந்து 200 மீட்டருக்குள்ளே இடிஞ்ச வீட்டைச் சொந்தச் செலவுல ரிப்பேர் பண்ணிக்கலாம், அரசு உதவியில புது வீடு வேணும்னா உள்ளே தள்ளிப் போகணும். கடல்ல பிழைக்கிறவங்களை உள்ளே போகச் சொல்லியாச்சு. கடலை வேடிக்கை பார்க்கிற எங்களுக்கு வேன் ஃப்ரீ!

திரும்பி வந்து ஏஜென்ட்கிட்ட, "அலை ஏறுற கோடு எங்கே சார்? சி.ஆர்.இசட். மேப் இருக்கா?"ன்னு கேட்டேன். "டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கு தம்பி"னார். மக்களே, இதை நோட் பண்ணிக்குங்க. டி.டி.சி.பி. மனைப்பிரிவுக்கான அனுமதி. கடற்கரை ஒழுங்குமுறை விதி வேற. 1991-ல் வந்த அந்த விதி, அலை ஏறுற கோட்டுலேர்ந்து 500 மீட்டர் வரைக்கும் கட்டுப்பாடு வைக்குது. கிராமப்புறக் கரையில முதல் 200 மீட்டர்ல புதுசா கட்டக் கூடாதுன்னு இருந்ததை, 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல வசிக்கிற இடங்கள்ல 50 மீட்டராக் குறைச்சுது. சட்டப்படி சரின்னா மண் நிக்கும்னு அர்த்தமா? கோடு எங்கே இருந்தாலும் கடல் உள்ளே வந்துட்டா, அளந்த மீட்டரும் சேர்ந்து போயிடுமே! அதனால பத்து வருஷத்துக்கு முந்தின சாட்டிலைட் படத்தை மொபைல்ல தேடி, இன்னிக்குப் படத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. பிப்ரவரியில போகாதீங்க, நவம்பர்ல போங்க. முக்கியமா, வலை பின்ற தாத்தாவைப் பாருங்க.

கடலை விட்டுத் தள்ளி இருந்தா சேஃப்னும் நான் சொல்ல வரலை. அதே ஃபெஞ்சல் மழையில எங்க மாவட்டத்துத் திருவண்ணாமலையில மலையடிவாரத்துல மண் சரிஞ்சு 7 பேர் செத்துப் போனாங்க.

அப்பா வேன்ல ஒரு வார்த்தை பேசலை. ஊர் வந்ததும், "வேணாம்டா"ன்னார். அந்தப் பத்தாயிரம் இன்னும் திரும்பி வரலை. வாராவாரம் போன் பண்றோம், "அடுத்த வாரம் சார்"ங்கிறாங்க. போன வாரம் வாசல்ல மறுபடியும் அதே நோட்டீஸ். அதே கடல், அதே ரெண்டு தென்னை மரம். ரேட் மட்டும் ஏறியிருக்கு.