பிள்ளை நீதிமன்றம் சென்றால்: பெற்றோர் கவனிக்க வேண்டிய பத்திரங்கள்

பிள்ளையைப் பொலிஸ் நிலையத்திற்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தகவல் வந்ததும் நம்மில் பலர் தெரிந்த அரசியல்வாதியின் இலக்கத்தைத் தேடுகிறோம். உண்மையில் முதலில் தேட வேண்டியது பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை.

காரணம், வயதுதான் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலின் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்பது ஆராயப்படும்.

இரண்டாவது பத்திரம் வாக்குமூலம். அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், தமிழில் வாசித்து விளக்குமாறு கேளுங்கள். விளங்காத எதிலும் பிள்ளையோ நீங்களோ கையொப்பமிட வேண்டாம். சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சிறுவர்களின் வழக்குகளுக்கு அடிப்படை 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். பத்தரமுல்லையில் இதற்கெனத் தனி நீதிமன்றம் உண்டு. தனி நீதிமன்றம் இல்லாத பகுதிகளில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாகக் கூடும். அங்கே வெளியார் அமர முடியாது. பெற்றோர் சமுகமளிக்க வேண்டும்.

மூன்றாவது பத்திரத்தை நாம் எழுதுவதில்லை. ஆனாலும் அதன் உள்ளடக்கம் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. அதுதான் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை. வீட்டுச் சூழல், பாடசாலை வரவு, உடல்நலம், நடத்தை அனைத்தும் அதில் இடம்பெறும். எச்சரித்து விடுவிப்பதா, பெற்றோரிடம் பிணைமுறி பெறுவதா, நன்னடத்தைக் கண்காணிப்பில் வைப்பதா, சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது நீதவான் அதைக் கவனத்திற்கொள்வார்.

ஆனால் மானம் போய்விடும் என்று பல குடும்பங்கள் அந்த உத்தியோகத்தரிடம் உண்மையை மறைக்கின்றன. வாப்பா வெளிநாட்டில் இருப்பதையும், பிள்ளை பல மாதங்களாகப் பாடசாலை போகாததையும், போதைப்பொருள் பழக்கத்தையும் சொல்வதில்லை. மறைத்தால் தண்டனை குறையும் என்று எண்ணுகிறோம். பிள்ளைக்குத் தேவையான உதவிதான் கிடைக்காமல் போகிறது. உண்மையைச் சொல்லுங்கள். பாடசாலை அறிக்கை, மருத்துவப் பத்திரங்கள், பிள்ளையைப் பொறுப்பேற்கக்கூடிய மாமா, சாச்சா போன்றோரின் விபரங்களையும் கொடுங்கள்.

ஊராருக்கும் ஒரு கடமை உண்டு. நீதிமன்ற அனுமதியின்றி இத்தகைய பிள்ளையின் பெயர், பாடசாலை, புகைப்படம் ஆகியவற்றைப் பத்திரிகைகள் வெளியிட அதே கட்டளைச் சட்டம் தடை விதிக்கிறது. நாமோ அவற்றை மஹல்லா வட்ஸ்அப் குழுமங்களில் பகிர்கிறோம். நீதவான் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அந்தப் படம் அவனைப் பாடசாலைக்குப் போகவிடாது. கையில் இருக்கும் தொலைபேசியில் இன்றே அதை அழித்துவிடுங்கள்.