ஊற்றுக்கு ஒரு பதிவேடு

சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள் அறிவர் கோயில் ஓவியத்தைப் பார்க்கிறார்கள், ஏழடிப்பட்டம் ஏறிச் சமணர் படுக்கைகளைப் பார்க்கிறார்கள், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். அதே மலையில் நவச்சுனை என்றொரு சுனை உண்டு. அதன் நீருக்கடியில் சின்னதாக ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. நார்த்தாமலையில் மேலமலைப் பக்கமும் இதே கதைதான். சுனைக்குள் மூழ்கிக் கிடக்கிறது ஒரு லிங்கம். புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பாதியில் பாறை தலைதூக்கும் இடமெல்லாம் தேடினால் இப்படிச் சிறிதும் பெரிதுமாகச் சுனைகள் அகப்படும்.

தொல்லியல்காரர்களுக்கு இவை வரலாறு. நிலத்தடி நீரை ஆராய்கிறவர்களுக்கு இவற்றில் வேறொரு பயன் தெரியும். மலையுச்சிச் சுனைக்கு மேலே வயல் இல்லை, சாக்கடை இல்லை, ஆலை இல்லை. மழையும் பாறை இடுக்கில் கசியும் நீரும்தான் அதன் வரவு. ஆகவே கீழே சமவெளியில் ஒரு கிணற்று நீர் கெட்டதா இல்லையா என்று வழக்கு வரும்போது, ‘கெடாத நீர் இங்கே எப்படி இருக்கும்’ என்று எடுத்துக்காட்ட ஒரு மாதிரி அங்கே தயாராக இருக்கிறது. அதை யாரும் புட்டியில் பிடித்து எண்ணாக எழுதி வைப்பதில்லை என்பதுதான் குறை.

மலையிலிருந்து இறங்கினால் நீர் வேறு வேறு இடங்களில் வெளியே தலைகாட்டுகிறது. மழைக்காலம் முடிந்து பல வாரங்களுக்கு மலையடிவாரத்துப் பாறை இடுக்குகளில் கசிவு ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளாற்று மணலில் ஊற்று தோண்டி அகப்பையால் மொண்டு குடம் நிரப்பிய தலைமுறை இன்னும் இருக்கிறது. கிழக்கே கந்தர்வகோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் போனால் பாறை கீழே இறங்கி, மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக வருகின்றன; அங்கே ஆழத்து நீர் களிமண் மூடிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிறது. ஒரே மாவட்டத்தில் இரண்டு வேறு நிலவியல். மாசைத் தேடும் முறையும் அதனால் இரண்டாகிறது.

மணற்கல்லில் நீர் துகள்களுக்கு இடையே மெதுவாக, ஓரளவு கணிக்கத்தக்க திசையில் நகரும். நாலு கண்காணிப்புக் கிணறு வெட்டினால் எங்கிருந்து எங்கே போகிறது என்று படம் வரைந்துவிடலாம். கெட்டிப் பாறையில் அந்தப் பாச்சா பலிக்காது. அங்கே நீர் ஓடுவது விரிசல்களில் மட்டுமே. பழைய வீட்டு மொட்டை மாடியில் ஒரு மூலையில் விரிசல் விட்டிருக்கும், தண்ணீர் சொட்டுவதோ கூடத்துக்கு நடுவில். கொத்தனார் வந்து சொட்டும் இடத்துக்கு நேர் மேலே பூசிவிட்டுப் போவார், அடுத்த மழைக்கும் சொட்டும். பாறையில் மாசு போகும் வழியும் அப்படித்தான். ஆலை வேலியை ஒட்டி 200 அடிக்கு ஒரு போர் போட்டு, அதில் நீர் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கலாம். மாசு சுமந்த விரிசல் அந்தப் போருக்குப் பத்தடி தள்ளிப் போயிருந்தால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை.

ஊற்றின் அருமை இங்கேதான். ஒரு போர் ஒரு புள்ளியை மட்டும் பார்க்கிறது. ஊற்றோ தனக்கு நீர் கொடுக்கும் பரப்பு முழுவதிலிருந்தும் விரிசல்கள் வழி வந்து சேர்வதை ஒரே வாயில் வெளியே விடுகிறது. துளையிடும் செலவு கிடையாது, மோட்டார் கிடையாது. தன் விருப்பமாக வந்து நிற்கும் நீரைப் பிடித்தால் போதும்.

நிலத்தடியில் நீர் எங்கே போகிறது என்பதை ஊற்றை வைத்துக் கண்டுபிடித்த பழைய சோதனை ஒன்று சொல்லத் தக்கது. தெற்கு ஜெர்மனியில் டானூப் நதி ஓரிடத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்து காணாமல் போகிறது. தெற்கே 12 கிலோமீட்டரில் ஆஹ் என்ற ஊரில் பெரிய ஊற்று ஒன்று பொங்குகிறது. அந்த ஊற்று நீரை நம்பி ஆலைகள் இருந்தன. மேலே டானூப் பக்கத்தவர்கள் ஆற்று நீர் உள்ளே போகாதபடி அடைக்க நினைத்தார்கள். தகராறு. 1877 அக்டோபரில் அடால்ஃப் க்னாப் என்ற நிலவியலாளர் நீர் மறையும் இடத்தில் 20 டன் உப்பு, 1,200 கிலோ பாறை எண்ணெய், 10 கிலோ சோடியம் ஃபுளோரசின் சாயம் ஆகியவற்றைக் கொட்டினார். ஏறத்தாழ 60 மணி நேரம் கழித்து ஆஹ் ஊற்று பச்சையாக ஒளிர்ந்து, உப்புக் கரித்து, எண்ணெய் வாடையோடு வந்தது. விஞ்ஞானத்துக்குச் சந்தேகம் தீர்ந்தது. வழக்கில் தீர்ப்பு வர 1927 வரை ஆயிற்று, அதுவும் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில்! இன்று இத்தனை மூட்டைகள் வேண்டாம். கண்ணுக்கே தெரியாத அளவு சாயத்தையும் கருவி பிடித்துவிடுகிறது. பாறை நிலத்தில் ஆலை வருவதற்கு முன்பே இந்தச் சாயச் சோதனையைச் செய்துவிட்டால், நாளைக்கு எந்தக் கசிவு எந்த ஊற்றில் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கசிவு வந்த பிறகு என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற நிறுவனம் 1970-களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சோடியம் பைகுரோமேட், தோல் பதனிடும் குரோமியம் உப்பு ஆகியவற்றைத் தயாரித்தது. 1990-களின் நடுவில் மூடிவிட்டார்கள். மூடியபோது இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு வெட்டவெளியில் குவியலாக மிஞ்சியது. மழை பெய்யும்போதெல்லாம் குவியலின் அடியிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் அங்கே ஆராய்ந்து, நிலத்தடி நீரில் லிட்டருக்கு 275 மில்லிகிராம் வரை குரோமியம் இருப்பதைப் பதிவு செய்தார்கள். குடிநீரில் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிப்பது 0.05 மில்லிகிராம். வகுத்துப் பார்த்தால் 5,500 மடங்கு.

குரோமியத்தில் இரண்டு முகம் உண்டு. மூன்று இணைதிறன் கொண்ட வடிவம் மண்ணில் ஒட்டிக்கொண்டு அதிக தூரம் போகாது. ஆறு இணைதிறன் கொண்ட வடிவம் எதிர்மின் அயனியாக நீரில் கரைந்து, மண் துகள்களிடம் பிடிபடாமல் நீர் போகும் வேகத்திலேயே போகும். புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியானதும் இதுதான். இதற்கு மஞ்சள் நிறம். நிறம் இருப்பதால் எளிதில் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் 0.05 மில்லிகிராம் அளவில் நீர் பளிங்கு மாதிரி இருக்கும். கண்ணுக்கு மஞ்சள் தட்டும் நேரத்தில் வரம்பு பல மடங்கு தாண்டியிருக்கும். ராணிப்பேட்டையில் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அங்கே கோட்டை விட்டது கருவியை அல்ல, காலத்தை.

அப்படியானால் ஓர் ஊற்றை எப்படிக் கண்காணிப்பது? பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஒழுங்கு வேண்டும். நீர் தேங்கியிருக்கும் குழியில் மொள்ளக் கூடாது, பாறையிலிருந்து வெளிவரும் வாயிலேயே பிடிக்க வேண்டும். தேங்கிய நீரில் பாசி, காற்று, ஆட்டுப் புழுக்கை எல்லாம் சேர்ந்துவிடும். புட்டியை அதே நீரால் மூன்று முறை அலச வேண்டும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைப் பார்க்கும் புட்டி என்றால் நீரை வடிகட்டி, சில துளி நைட்ரிக் அமிலம் விட வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஆய்வகத்தில் ‘சுத்தமான நீர்’ என்று முடிவு வரும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கோ அந்த அமிலம் ஆகாது; அமிலத்தில் அது மற்ற வடிவத்துக்கு மாறிவிடக்கூடும். அதைத் தனிப் புட்டியில், ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே டைஃபினைல்கார்பசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் நீர் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக மாறும். நிறத்தின் அடர்த்திதான் அளவு. கரைப்பான்கள் பற்றிச் சந்தேகம் என்றால் சின்னக் குப்பியை ஒரு குமிழி கூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். குமிழி இருந்தால் ஆவியாகும் பொருள் அதற்குள் குடியேறிவிடும்.

புட்டியை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தால் பாதி வேலைதான். ஊற்று எவ்வளவு நீர் விடுகிறது என்பதும் வேண்டும். பத்து லிட்டர் வாளியும் கைப்பேசியில் நேரம் பார்க்கும் வசதியும் போதும். வாளி நிறைய 40 நொடி என்றால் நொடிக்குக் கால் லிட்டர். ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். இது ஏன் முக்கியம் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். கோடையில் இந்த ஊற்றில் குரோமியம் லிட்டருக்கு 0.04 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் வெளிவருவது 864 மில்லிகிராம். ஐப்பசி மழையில் ஊற்று நாலு மடங்காகப் பெருகி, அளவு 0.02-ஆகக் குறைகிறது. அறிக்கையில் ‘மாசு பாதியாகக் குறைந்தது’ என்று எழுதிவிடலாம். ஆனால் நாளொன்றுக்கு வெளிவருவது இப்போது 1,728 மில்லிகிராம், இரட்டிப்பு. மழை உள்ளே கிடந்ததைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறது. வாளிக் கணக்கு இல்லாத அறிக்கையில் இந்த உண்மை அகப்படவே அகப்படாது.

ஆலைக்கு அனுமதி கேட்கும்போது தயாரிக்கும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வரும் இடம் இதுதான். 2006-இல் வந்த அறிவிக்கையின் நடைமுறையில், சுற்றிலும் 10 கிலோமீட்டருக்கு அடிப்படை அளவுகள் எடுக்கிறார்கள்; பெரும்பாலும் மழைக்காலத்தைத் தவிர்த்த ஒரு பருவத்துக்கு, அதாவது மூன்று மாதத்துக்கு. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டத்தில், ஊற்றுகள் வாய் திறக்கும் மாதங்களை விட்டுவிட்டு, மற்ற மாதங்களில் கிணறுகளையும் போர்களையும் மட்டும் அளந்தால் அதை அடிப்படை என்று எப்படிச் சொல்வது?

அடிப்படை அளவு இல்லாவிட்டால் இரண்டு தரப்பும் பேசிக்கொண்டே இருக்கலாம். 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக வடகாடு, நல்லாண்டார்கொல்லை, கோட்டைக்காடு என்று ஊர் ஊராக மக்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். கெடாது என்றது அரசுத் தரப்பு. 2020-இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வந்து, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் அதற்குள் வந்தன. போராட்டம் வென்றது. ஆனால் அந்த ஊர்களின் நீர் அன்றைக்கு எப்படி இருந்தது என்ற எண், ஊர்க்காரர்கள் கையில் ஊர்ப் பதிவேடாக இருந்திருந்தால் பேச்சின் தொனியே வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பாறையே சிலவற்றை நீரில் கலக்கிறது. கருங்கல்லில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு வரும்; அதற்கு எந்த ஆலையும் காரணமில்லை. நைட்ரேட் வந்தால் யூரியாவையும் கழிப்பறைக் குழியையும் மாட்டுக் கொட்டகையையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். உப்பு ஏறினால் கடற்கரைப் பக்கம் கடலே உள்ளே வந்திருக்கலாம். மலைச்சுனை, மேட்டுக் கிணறு, ஆலைக்குக் கீழ்ப்பக்க ஊற்று என்று ஒரே நாளில் மூன்று இடத்தில் நீர் எடுத்து ஒப்பிட்டால் பாறை போட்டது எது, மனிதர் போட்டது எது என்று பிரித்துவிடலாம். புதுக்கோட்டை சிப்காட், மாத்தூர், விராலிமலைத் தொழிற்பேட்டைகளைச் சுற்றி இதைச் செய்வது ஆலைக்காரர்களுக்கும் நல்லதுதான். செய்யாத குற்றத்துக்குத் தலை கொடுக்க வேண்டியதில்லை.

ஊற்று எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் நீர் வழியாக மட்டும் போகவில்லை, காற்றிலும் ஏறியது. அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் அதை மரத்துப் பாசியிலும் லைக்கனிலும், ஏரி மீனிலும் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

செலவைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியது நாலே அளவு: வாளிக் கணக்கு, வெப்பநிலை, அமிலகாரத் தன்மை, மின்கடத்துதிறன். கடைசி மூன்றுக்கும் பேனா மாதிரிக் கருவிகள் சில ஆயிரத்துக்குள் கிடைக்கின்றன. மின்கடத்துதிறன் என்பது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தக் கணக்கு. எந்த விஷம் என்று அது சொல்லாது, ‘ஏதோ மாறியிருக்கிறது’ என்று சொல்லும். மாறியபோது மட்டும் புட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டி கையாளப் பயிற்சி தருகிறார்கள். அந்தப் பெட்டி ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, கடினத்தன்மை வரை பார்க்கும். குரோமியம், ஈயம் பார்க்காது. பெட்டியோடு ஒரு மின்கடத்துதிறன் பேனாவையும் ஒரு நோட்டையும் சேர்த்துக் கொடுப்பதில் பெரிய நிர்வாகச் சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை.

கற்றுக்கொள்வார்களா என்று இந்த மாவட்டத்தில் கேட்பது அபத்தம். 1990-களின் தொடக்கத்தில் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் சைக்கிளும் சேர்த்தே கற்றவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிக் குத்தகையே எடுத்தார்கள். பாறை எங்கே வெடித்திருக்கிறது, எந்த இடுக்கில் மாசி மாதத்திலும் ஈரம் இருக்கும் என்பது அவர்களுக்கு எந்த வரைபடமும் இல்லாமல் தெரியும். எந்த ஊற்றைக் கண்காணிப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு முதலில் அழைக்க வேண்டியது அவர்களைத்தான். சித்திரையில் முதல் வாளியைப் பிடித்து எழுதத் தொடங்கினால், ஐப்பசி மழை இறங்கும்போது ஆறு மாதக் கணக்கு நோட்டில் இருக்கும். முதல் மழைக்குப் பின் ஊற்றில் வருவதை ஒப்பிட அது போதும்.