அடைமழைக்கு முன் அடுப்படியைக் காப்போம்



 

குளிர்காலம் என்றதும் பிற நாட்டவர்க்குப் பனியும் கம்பளியும் நினைவுக்கு வரும். பழவேற்காட்டு மக்களாகிய நமக்கோ ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களின் அடைமழையும், வாடைக்காற்றும், சீறும் கடலுமே குளிர்காலம். தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அந்த மழை நம் ஏரிக்கு உயிர். ஆரணியாறும் காளங்கியும் கொண்டு வரும் வெள்ளம் ஏரியின் உப்பைத் தணிக்கிறது. முகத்துவாரத்தை அடைத்து நிற்கும் மணலை அறுத்துக் கடலுக்கு வழி திறக்கிறது. ஆனால் ஏரிக்கு உயிர் தரும் அதே மழைநாட்களில்தான் நம்மில் பலருடைய அடுப்பு அணைந்து கிடக்கிறது.

இது நமக்குத் தெரியாமல் வரும் விருந்தாளியா? இல்லையே! ஆண்டுதோறும் அதே மாதங்களில் வருகிறது. வருவது தெரிந்திருந்தும் வெறுங்கையோடு நிற்பது அறிவுடைமை ஆகுமா என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். செழிப்பான ஏழு ஆண்டுகளில், உண்பதற்குத் தேவையான சிறிதளவு போக எஞ்சிய தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். பின்னர் வந்த ஏழு பஞ்ச ஆண்டுகளில் அதுவே மக்களைக் காத்தது. முன்னேற்பாடு செய்வது இறைநம்பிக்கைக்கு முரணானதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இருபது நாள் அரிசி

முதல் வேலை, இருபது நாளைக்கான உணவை வீட்டில் வைத்திருப்பது. நாளொன்றுக்கு 2 கிலோ அரிசி உலையில் இடும் குடும்பத்திற்கு 40 கிலோ தேவை. ஒரே நாளில் வாங்குவதென்றால் அது மலைப்பாகத் தோன்றும். ஆனால் மதரஸாக்களுக்காக நம் பாட்டிமார்கள் பிடி அரிசி எடுத்து வைத்ததை மறந்துவிடாதீர்கள். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம் என்றால், காலையும் மாலையும் ஒவ்வொரு பிடி எடுத்து வைத்தால் 120 நாட்களில் 12 கிலோ சேர்ந்துவிடும். ஜூன் நடுவில் தொடங்கினால் அக்டோபர் நடுவில் அது கையில் இருக்கும். மீதத்தை, ரேஷன் கடையில் விலையின்றிக் கிடைக்கும் அரிசியில் மாதந்தோறும் சிறிது ஒதுக்கி நிரப்பலாம். அரிசியை நன்கு காய வைத்து, காய்ந்த வேப்பிலை இட்டு, மூடி இறுகிய டப்பாவில், தரையில் படாமல் பலகை மீது வையுங்கள்.

கருவாட்டையும் வெயில் மாதங்களிலேயே தயார் செய்து கொள்ள வேண்டும். மணலில் பரப்பாமல், உயரக் கட்டிய வலையில் உலர்த்தினால் மண் ஒட்டாது. காற்று இருபுறமும் படும். புரட்டாசி வெயிலில் மீண்டும் ஒருமுறை காய வைத்து மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்காது. பனையோலைக் கூடை பின்னும் சகோதரிகளும் மழைக்கு முன்பே ஓலையை உலர்த்திச் சேர்த்து வைத்துக் கொண்டால், ஆண்கள் கடலுக்குப் போகாத நாட்களிலும் வீட்டில் கைவேலை நிற்காது.

கூரையும் தண்ணீரும்

ஓலை வீடுகளில் இற்றுப்போன கயிறுகளை ஆவணிக்குள் மாற்றிவிடுங்கள். கிழிந்து பயன்படாத பழைய வலையைக் கூரைமேல் விரித்து, நான்கு புறமும் இழுத்துக் கட்டினால் காற்று ஓலையைப் பிரிக்காது. இதற்குச் செலவு கயிற்றுக்கு மட்டுமே. தகரம், சிமெண்ட் ஓடு போட்ட வீடுகளில் ஆணிகளையும் கொக்கிகளையும் சரிபார்க்க வேண்டும். வீட்டைச் சுற்றி நீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டி வைப்பது ஒரு நாள் உழைப்பு, காசு செலவில்லை.

வெள்ளம் வந்தால் நல்ல தண்ணீர்தான் முதலில் கெடும். கிணற்றை மூடி வையுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். தேங்கிய நல்ல நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. ஆகவே பாத்திரங்கள், தொட்டிகள், உடைந்த ஐஸ் பெட்டிகள் ஆகியவற்றைக் கவிழ்த்தோ மூடியோ வைக்க வேண்டும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். சோர்வு மிகுந்தால் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள்.

ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், மீனவர் நல வாரிய அட்டை ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கட்டி, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

வட்டியின் வாசலுக்குப் போகாமல்

சகோதரர்களே! மழைக்காலத்தின் பெரிய வெள்ளம் ஆற்றில் வருவதன்று, கடனில் வருவது. அவசரத்தில் பத்து வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கினால், மாதம் 500 ரூபாய் வட்டியாகவே போகிறது. ஆறு மாதத்தில் 3,000 ரூபாய் கொடுத்த பின்பும் 5,000 ரூபாய் அப்படியே நிற்கும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கினாலோ, பிடிக்கும் மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டிய நிலை. மார்க்கம் வட்டியைத் தடுத்திருக்கிறது. தமிழக அரசும் 2003-ஆம் ஆண்டிலேயே கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் இயற்றியிருக்கிறது. ஆனால் வீட்டில் அரிசி இல்லாதவனுக்குச் சட்டம் சோறு போடாது. சேமிப்பே அவனைக் காக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் முடியும் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவு வரை ஏறத்தாழ 17 வாரங்கள். வாரம் 100 ரூபாய் ஒதுக்கினால் 1,700 ரூபாய் சேரும். மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில், மீனவர் செலுத்தும் 1,500 ரூபாயுடன் மத்திய, மாநில அரசுகளின் பங்கு 3,000 ரூபாய் சேர்ந்து 4,500 ரூபாயாக, மீன்வரத்துக் குறைந்த மாதங்களில் திரும்பக் கிடைக்கிறது. தகுதியுள்ளவர்கள் தவணையைத் தவற விடாதீர்கள்.

மற்றொன்றையும் கவனியுங்கள். நம்மில் பலர் ரமழானையும் பெருநாளையும் வைத்தே செலவைக் கணக்கிடுகிறோம். பிறைக் கணக்கு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும்; மழையோ நகராது. 2004-ல் ரமழான் அக்டோபர் நடுவில் வந்தது. 2025-ல் மார்ச்சில் வந்தது. ஆகவே பெருநாளுக்கு ஒரு உண்டியல், மழைக்கு வேறு உண்டியல் என்று பிரித்து வையுங்கள்.

எச்சரிக்கையும் உலைப்பானையும்

1984 நவம்பரில் நம் எதிரே உள்ள ஸ்ரீஹரிகோட்டா அருகே புயல் கரை கடந்தது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைத் தாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரை கடந்தது தொலைவிலுள்ள ஆந்திரத்தின் பாபட்லா அருகில்தான். ஆயினும் சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் வெள்ளத்தில் தத்தளித்தன. எனவே புயல் எங்கோ கரை கடக்கிறது என்று அலட்சியமாக இருக்கலாகாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்தின் எண் 1070, கடலோரக் காவல்படையின் எண் 1554. இவற்றைச் சுவரில் எழுதி வையுங்கள்.

கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பைக் கேட்டும் ஏன் சிலர் படகை இறக்குகிறார்கள்? அவர்கள் அறியாதவர்களா? கடலைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்லித் தர என்ன இருக்கிறது! வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்கும்போது எச்சரிக்கை காதில் ஏறுவதில்லை, உண்மை அதுதான். இருபது நாள் அரிசி இருக்கும் வீட்டின் தலைவன் படகைக் கரையேற்றி, இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டில் இருப்பான். அரிசி இல்லாத வீட்டின் தலைவன் அலையோடு சூதாடுவான். ஆகவே தாய்மார்களே, நீங்கள் அன்றாடம் எடுத்து வைக்கும் அந்தப் பிடி அரிசி சேமிப்பு மட்டுமன்று. அது உங்கள் கணவரின், உங்கள் மகனின் உயிருக்கு நீங்கள் கட்டும் காவல்.

எடுத்து வைக்கவும் ஏதுமில்லாத வீடுகளும் நம்மிடையே உண்டு. கணவரைக் கடலுக்குக் கொடுத்த சகோதரிகள், கூலிக்கு வலை இழுக்கும் முதியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், மழைக்கு முன்பே ஜமாஅத்தின் பைத்துல்மால் அவர்கள் வாசலுக்கு அரிசியைக் கொண்டு சேர்க்க வேண்டும். கூரை கட்ட ஆளில்லாத வீட்டிற்கு, ஜும்ஆ முடிந்ததும் நம் இளைஞர்கள் நால்வர் கயிற்றோடு போனால் மாலைக்குள் வேலை முடிந்துவிடும்.

அண்டை வீட்டு அடுப்பும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு நம் கதவைச் சாத்துவோம். வல்ல அல்லாஹ் வரும் மழையை அருள் மழையாக ஆக்கி, நம் வீடுகளையும், கடலில் இருப்போரையும் காத்தருள்வானாக! ஆமீன்.