எந்தக் கதவைத் தட்டுவது?

சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1949 டிசம்பரில் தந்தை செல்வநாயகம் இலங்கைத் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்த நாள்முதல் மேடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் அந்தச் சொல் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஆனால் ஊரில் அதன் கீழ் ஒரு நாளேனும் நாம் வாழ்ந்ததில்லை. அமெரிக்காவுக்கு வந்த பின்னர் அதற்குள்தான் வாழ்கிறோம். வந்த புதிதில் அது எமக்குக் குழப்பமாகவே இருக்கிறது.

ரெக்சாசில் புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். அவர்களது தஞ்ச விண்ணப்பம் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த அலுவலர் குடிவரவுப் பத்திரங்களைக் கேட்டிருக்கிறார். பத்திரங்கள் சட்டத்தரணியிடம் இருந்தன. பயந்துபோன பெற்றோர் பிள்ளையை மூன்று வாரம் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். "வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்றார் தகப்பனார். வழக்கு முடிய வருடக்கணக்கு ஆகலாம் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரில் கிராம சேவையாளர் முதல் கச்சேரியில் இருந்த அரசாங்க அதிபர் வரை எல்லோரும் கொழும்பின் ஆட்கள். ஓரிடத்தில் பிழைத்தால் எல்லா இடத்திலும் பிழைத்தது போலத்தான். ஆகவே பாடசாலையும் குடிவரவு இலாகாவும் ஒரே கைதான் என்று எண்ணுவது எமக்குப் பழகிப்போன ஒன்று.

சிறிய மாநிலம் கேட்ட பூட்டு

இங்கு அதிகாரம் பிரிந்து கிடக்கிறது. அது எப்படிப் பிரிந்தது என்பதை நியூ ஜேர்சியில் வாழும் எம்மவர்கள் தமது மாநிலத்தின் வரலாற்றிலேயே காணலாம். சுதந்திரம் பெற்ற புதிதில் நியூ ஜேர்சியின் நிலை பரிதாபமானது. ஒரு பக்கம் நியூயோர்க் துறைமுகம், மறுபக்கம் பிலடெல்பியா துறைமுகம். இரண்டின் வழியாகவும் வந்த பொருட்களுக்கு அயல் மாநிலங்கள் தீர்வை அறவிட்டன. மத்தியிலிருந்த காங்கிரசுக்கு அதைத் தடுக்கும் அதிகாரம் இருக்கவில்லை. 1786இல் நியூ ஜேர்சி, காங்கிரஸ் கேட்ட பணத்தைத் தர மறுத்தது. ஆக, மத்தி பலவீனமாக இருந்தாலும் முதலில் துன்பப்படுபவன் சிறியவனே.

1787இல் புதிய அரசியலமைப்பை எழுதப் பிலடெல்பியாவில் கூடியபோது, சனத்தொகைக்கு ஏற்பவே பிரதிநிதிகள் இருக்கவேண்டும் என்று பெரிய மாநிலங்கள் கேட்டன. நியூ ஜேர்சியின் வில்லியம் பற்றர்சன் எழுந்து, ஒவ்வொரு மாநிலத்துக்கும் சம வாக்கு வேண்டும் என்றார். (பற்றர்சன் நகரம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.) முடிவில் ஒரு சபை சனத்தொகைப்படியும், செனற் சபை மாநிலத்துக்கு இருவர்படியும் அமைந்தன. இன்று ஏறக்குறைய நான்கு கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனற்றர்கள். ஆறு இலட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்கிற்கும் இரண்டு. ஒரு மாநிலத்தின் சம்மதமின்றி அந்தச் சம உரிமையைப் பறிக்க முடியாது என்று அரசியலமைப்பே சொல்கிறது. மத்திக்குக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என 1791இல் பத்தாவது திருத்தம் எழுதி வைத்தது. இது முதலாவது பூட்டு.

எமது நாட்டில் இந்தப் பூட்டு ஒருபோதும் போடப்படவில்லை. 1926இல் இலங்கைக்குச் சமஷ்டியே பொருத்தம் என்று எழுதியவர் இளைஞரான பண்டாரநாயக்கா என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பிரதம மந்திரியானபின் 1957 யூலையில் தந்தை செல்வாவுடன் பிரதேச சபைகளுக்கான ஒப்பந்தம் செய்தவரும் அவரே. 1958 ஏப்ரலில் பிக்குமாரின் எதிர்ப்புக்குப் பணிந்து அதைக் கைவிட்டவரும் அவரே. 1965இல் டட்லி சேனநாயக்கா செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. ஆனால் ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஏட்டில் உள்ள பொலிஸ் அதிகாரம் வடக்கிற்கோ கிழக்கிற்கோ கைமாறவில்லை. வடமாகாணம் தனக்கென ஒரு சபையைத் தெரிவு செய்ய 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2018இல் அதன் காலம் முடிந்தபின் தேர்தல் வருடக்கணக்காகத் தள்ளிப்போனது. கொடுத்தவன் நினைத்தபோது நிறுத்திவைக்கக் கூடியதை அதிகாரம் என்று எப்படிச் சொல்வது?

ரெக்சாஸ் பிள்ளைகளும் இரண்டாவது பூட்டும்

அப்படியானால் எல்லா அதிகாரத்தையும் மாநிலத்திடம் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு ரெக்சாசே சாட்சி. 1975இல் அம்மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. அனுமதியின்றி நாட்டுக்குள் வந்த பிள்ளைகளின் படிப்புக்கு மாநிலப் பணம் கிடையாது. பாடசாலைகள் அவர்களைச் சேர்க்காமலும் விடலாம். ரைலர் என்ற ஊரில் 1977இல் அத்தகைய பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,000 டொலர் கட்டணம் கேட்கப்பட்டது. கூலி வேலை செய்த மெக்சிக்கப் பெற்றோர் சிலர், பிடிபட்டால் நாடு கடத்தப்படுவோம் என்ற பயத்தோடேயே, மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 1982 யூனில் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்றது. எந்த மாநிலமும் தன் எல்லைக்குள் உள்ள எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக்கூடாது என்ற பதினான்காவது திருத்தமே (1868) அதற்கு ஆதாரம். இது இரண்டாவது பூட்டு. முதலாவது மத்தியிடமிருந்து மாநிலத்தைக் காக்கிறது. இரண்டாவது மாநிலத்திடமிருந்து மனிதனைக் காக்கிறது.

இந்த இரண்டாவது பூட்டைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. எமது மண்ணிலும் எம்மைவிடச் சிறியவர்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவர்கள் முறையிட ஒரு கதவும் இருக்கவில்லை. எமக்கு அதிகாரம் கேட்கும் நாம், அந்த அதிகாரத்தின் கீழ் வாழப்போகும் சிறியவனுக்கும் ஒரு பூட்டைக் கேட்கத்தான் வேண்டும். இல்லையேல் கொழும்பு எமக்குச் செய்ததை நாம் இன்னொருவருக்குச் செய்பவர்களாவோம்.

யாரிடம் எது?

புதிதாக வந்த குடும்பங்கள் மனதில் வைக்க வேண்டியவை சில. தஞ்சம், வேலை அனுமதி, கிரீன் கார்ட் எல்லாம் மத்திய அரசின் கையில். தஞ்ச விண்ணப்பத்தை, விதிவிலக்குகள் சில இருந்தாலும், நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். நகர மேயரோ மாநில ஆளுநரோ தஞ்சம் தர முடியாது.

சாரதி அனுமதிப்பத்திரம் மாநிலத்தின் கையில். கலிபோர்னியா 2015 முதலும் நியூ ஜேர்சி 2021 முதலும் குடிவரவு நிலையைப் பாராமல் அதை வழங்குகின்றன. ரெக்சாஸ் சட்டபூர்வமாக இருப்பதற்கான சான்றைக் கேட்கும். அங்கே வாக்காளராகப் பதிய விருப்பமா என்றும் கேட்கக்கூடும். பிரஜையாகும்வரை வேண்டாம் என்றே சொல்லுங்கள். தெரியாமல் பதிந்தால் பின்னர் பெரிய வில்லங்கம்.

பாடசாலையை நடத்துவது பெரும்பாலும் ஊர் மக்கள் தெரிவு செய்த சபை. வாக்குரிமை இல்லாவிட்டாலும் அதன் கூட்டங்களுக்குப் போகலாம், ஒதுக்கிய நேரத்தில் எழுந்து பேசலாம். அங்கே எவரும் பிரஜாவுரிமையைக் கேட்கமாட்டார்கள். பாடத்திட்டம் முதல் பல்கலைக்கழக அனுமதி வரை கொழும்பில் தீர்மானிக்கப்பட்டதைக் கண்ட எமக்கு இது சிறிய காரியம் அல்ல.

அந்த ரெக்சாஸ் குடும்பத்துக்கு அயலில் இருந்த ஒரு தமிழ் அம்மா 1982 தீர்ப்பைப் பற்றி எடுத்துச் சொன்னார். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வீட்டு விலாசத்துக்கான ஒரு பற்றுச்சீட்டு ஆகியவற்றுடன் தாயும் அவரும் திரும்பவும் போனார்கள். பிள்ளை இப்போது பாடசாலைக்குப் போகிறது. அந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டும் என்று முயல்வோர் இன்றும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்தப் பூட்டும் தானாகக் காவல் இருக்காது. ரைலரில் வழக்குப் போட்ட அந்த ஏழைப் பெற்றோரைப் போல, எந்தக் கதவைத் தட்டுவது என்று அறிந்து தட்டுபவர்கள் வேண்டும். அதை அறிந்துகொள்வதும் அயல் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பதும் எம் ஒவ்வொருவரின் கடமை.